டி.டி.யிடம் (அயர்லாந்து எம்.பி.) சொல்லிக் கேள்வி போட்டால் ஃபைபர் இணையம் வருமா?

மேயோ செந்தில்:
எல்லோருக்கும் வணக்கம். அயர்லாந்தில் மேயோ கவுண்டியில் கிராமப் பக்கமாக ஒரு வீடு வாங்கிக் குடிவந்திருக்கிறோம். மனைவி நர்ஸ், எனக்கு வீட்டிலிருந்தே வேலை. ஃபைபர் இன்னும் வரவில்லை, மொபைல் டேட்டாவை வைத்து ஓட்டுகிறேன். எப்போது வரும் என்று கேட்டால் தேதி சொல்ல மாட்டேன் என்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர், "உன் டி.டி.யைப் போய்ப் பார், டோயிலில் கேள்வி போடச் சொல்" என்கிறார். டோயில் என்பது இங்கே நாடாளுமன்றத்தின் கீழவை. எங்களுக்குக் குடியுரிமை இன்னும் கிடைக்கவில்லை, பொதுத்தேர்தலில் ஓட்டும் இல்லை. நாங்கள் போய்க் கேட்கலாமா? கேட்டால் வீட்டு முகவரி இணையத்தில் வந்துவிடுமா? அப்புறம், கரண்ட் பில்லையும் சேர்த்துக் கேட்கலாமா?

லிமெரிக் வாசுகி:
தம்பி, தாராளமாகப் போங்கள். டி.டி.க்கள் தொகுதியில் கிளினிக் நடத்துவார்கள், மக்களைச் சந்தித்துக் குறை கேட்பதற்கு இங்கே அப்படித்தான் பெயர். அங்கே யாரிடமும் பாஸ்போர்ட்டைக் கேட்டு நான் பார்த்ததில்லை. உள்ளாட்சித் தேர்தலில் உங்களுக்கு ஓட்டும் உண்டு.

முகவரி வெளியே வராது. கேள்வி பதிவாகும்போது அந்த இடத்தில் "விவரங்கள் தரப்பட்டுள்ளன" என்று மட்டும் இருக்கும். உங்கள் ஏர்கோடை (இங்கத்து அஞ்சல் குறியீடு) டி.டி.யின் ஆபீஸ் அமைச்சகத்துக்குத் தனியாக அனுப்பிவிடும்.

ஃபைபரையும் கரண்ட்டையும் ஒரே கேள்வியில் போடாதீர்கள். 2007 முதல் 2016 வரை தொலைத்தொடர்பு, எரிசக்தி, இயற்கை வளம் எல்லாம் ஒரே அமைச்சர் கையில் இருந்தன. 2025-இல் தொலைத்தொடர்பு கலாச்சாரம், விளையாட்டோடு போய்விட்டது. எரிசக்தி காலநிலை அமைச்சகத்தில் இருக்கிறது. இரண்டு அமைச்சர், இரண்டு கேள்வி.

கரண்ட் பில் பற்றிக் கேட்டால் என்ன பதில் வரும் என்பதை இப்போதே சொல்லிவிடலாம்: "இதில் எனக்குச் சட்டப்படி அதிகாரம் இல்லை, ஒழுங்குமுறை ஆணையத்தைக் கேளுங்கள்." அது உண்மையும்கூட. எரிசக்தியைக் கண்காணிக்கும் அந்த ஆணையம், சி.ஆர்.யு., நாடாளுமன்றக் குழுவுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும், அமைச்சருக்கு அல்ல. டி.டி.க்களுக்கென்றே அவர்கள் தனி மின்னஞ்சல் முகவரி வைத்திருக்கிறார்கள். பில் விஷயத்தை அந்த வழியில் அனுப்பச் சொல்லுங்கள். ஃபைபர் அப்படி இல்லை. அது அரசு பணம் போட்டு, அரசு கையெழுத்திட்ட ஒப்பந்தம். அதில் அமைச்சர் கை கழுவ முடியாது.

கார்க் ரவி:
அக்கா சொல்வதெல்லாம் சரி. ஆனால் இந்த எழுத்துபூர்வப் பதில்களை எடுத்துப் படித்துப் பாருங்கள். "குறிப்பிட்ட கட்டடம் ஆம்பர் பகுதியில் இருக்கிறது" என்று ஒரு வரி, அதாவது அரசுத் திட்டம் வர வேண்டிய பகுதி. அதற்குக் கீழே நாடு முழுக்க எத்தனை வீடு முடிந்தது என்று நாலு பத்தி. கெர்ரிக்காரருக்கும் டோனிகால்காரருக்கும் அதே நாலு பத்திதான். இதற்காக ஒருவர் வேலையை விட்டுவிட்டு கிளினிக்கில் போய் உட்கார வேண்டுமா?

லிமெரிக் வாசுகி:
உட்கார வேண்டும், ரவி. பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "எப்போது இணைப்பு கிடைக்கும்" என்று மொட்டையாகக் கேட்டால் வெட்டி ஒட்டிய நாலு பத்திதான் மிச்சம். எந்தக் கட்டத்தில் நிற்கிறது, அது எந்தத் தேதியில் முடிந்தது என்று குறிப்பாகக் கேட்டால் ஏதாவது ஒன்றை அவர்கள் எழுதியே ஆக வேண்டும். எழுதியது நாடாளுமன்றத் தளத்தில் அமைச்சர் பெயரோடு நிற்கும். ஆறு மாதம் கழித்து அதே கேள்வியை மறுபடியும் போட்டு, இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ரொம்ப மழுப்பியிருந்தால் டி.டி. அவைத்தலைவரிடமே முறையிடலாம்.

கிராமங்களுக்கு ஃபைபர் கொண்டுவரும் இந்தத் தேசிய பிராட்பேண்ட் திட்டத்தின் கதையையே பாருங்கள். 2012 ஆகஸ்டில் பாட் ராபிட் அமைச்சராக இருந்தபோது, எந்த மூலையில் இருக்கும் வீட்டுக்கும் குறைந்தது 30 எம்.பி.பி.எஸ். இணைய வேகம் என்று அறிவித்தார். ஒப்பந்தம் கையெழுத்தானது 2019 நவம்பரில். நடுவே 2017 ஏப்ரலில் சுமார் 3 லட்சம் வீடுகளை ஏர் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் தானே செய்கிறேன் என்று எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு சிரோ என்ற போட்டி நிறுவனமும், 2018 தொடக்கத்தில் ஏரும் டெண்டரிலிருந்து விலக, மிஞ்சியது ஒரே குழு. அந்தக் குழுவின் டேவிட் மெக்கோர்ட்டை அமைச்சர் டெனிஸ் நாட்டன் சந்தித்தது அவையில் கேள்வியாகி, 2018 அக்டோபர் 11-இல் அவர் பதவி விலகினார். டெண்டர் அதனால் கெடவில்லை என்று பின்னால் வந்த ஆய்வு சொன்னது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் யாரைச் சந்தித்தார் என்று அவையில் கேட்கும் உரிமை இல்லாமல் போயிருந்தால் நமக்கு என்ன தெரிந்திருக்கும்?

இன்னொன்று. 1991-இல் இங்கே மாட்டிறைச்சித் தொழில் பற்றி ஒரு விசாரணை ஆணையம் அமைத்தார்கள். அதை நடத்திய நீதிபதி லியம் ஹாமில்டன் ஒருமுறை அங்கே, கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்வது போல டோயிலில் சொல்லியிருந்தால் இந்த ஆணையமே தேவைப்பட்டிருக்காது என்றார். அந்த விவகாரத்தை அவையில் கிளப்பியவர்களில் ஒருவர் அதே பாட் ராபிட். இருபது வருடம் கழித்து, பதில் சொல்லும் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். எனக்கு இந்த முறையின் மேல் இருக்கும் மரியாதை அங்கிருந்து வந்தது. நீங்கள் அலுத்துப்போனால் நஷ்டம் மேயோவில் மொபைல் டேட்டாவில் உட்கார்ந்திருப்பவருக்கு, உங்களுக்கு இல்லை.

கார்க் ரவி:
கோபப்படாதீர்கள் அக்கா. கட்டம் கட்டமாகக் கேட்பது நல்ல யோசனைதான். செந்தில், முதலில் திட்டத்தின் வரைபடத்தில் உங்கள் வீடு என்ன நிறம் என்று பாருங்கள். ஆம்பர் என்றால்தான் அரசுத் திட்டம். நீலமாக இருந்தால் தனியார் கம்பெனி வேலை, அமைச்சர் அதைச் சொல்லியே முடித்துவிடுவார்.

மேயோ செந்தில்:
பார்த்துவிட்டேன், ஆம்பர்தான். ரொம்ப நன்றி இருவருக்கும். அக்கா, கேள்வியை நானே எழுதிக்கொண்டு போகட்டுமா, இல்லை அவர்களே எழுதுவார்களா?

லிமெரிக் வாசுகி:
எழுதிக்கொண்டு போங்கள் தம்பி, ஆபீஸில் இருப்பவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். ஏர்கோடைத் தனித்தாளில் எழுதிக் கொடுங்கள். கேள்வி இப்படி இருக்கட்டும், ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்:

"மேயோ கவுண்டியில் உள்ள ஒரு வீட்டுக்கு (விவரங்கள் தரப்பட்டுள்ளன) தேசிய பிராட்பேண்ட் திட்டத்தின் கீழ் கள ஆய்வு முடிந்துவிட்டதா, முடிந்தது எந்தத் தேதியில், வடிவமைப்பும் கட்டுமானமும் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன, முன்பு தெரிவித்த தேதி எதுவும் மாற்றப்பட்டிருந்தால் அதன் காரணம் என்ன, அமைச்சர் இது குறித்து அறிக்கை அளிப்பாரா?"

பதில் வந்ததும் இங்கேயே போடுங்கள். வழக்கமாக மூன்று வேலைநாள் முன்னறிவிப்பு போதும்.