புதுப்பிப்பு: மொத்தமாகச் சமைத்தது ஏன் சீக்கிரம் கெடுகிறது?

விடுமுறை நாளில் மொத்தமாகச் சமைத்து வைத்தால் தொழில் பார்ப்பவர்களுக்கு மாலை நேரம் மிச்சமாகும் என்று முன்பு எழுதியிருந்தேன். சீக்கிரமே வாடை வருகிறதே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் ஆறவைக்கும் விதம்தான் காரணம்.

ஆழமான பாத்திரத்தில் மேலே ஆறியிருக்கும். நடுவில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். கிருமி பெருகுவது அங்கேதான். அகலமான பாத்திரங்களில் 5 செ.மீ. உயரத்துக்குள் பரப்புங்கள். அடுப்பை அணைத்த 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். சோறு என்றால் இன்னும் சீக்கிரம். அதிலுள்ள ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாது, அது கக்கும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. இதில் மட்டும் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம்.

3 நாளுக்கு வேண்டியது ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். மீதியை அன்றே ஃப்ரீசரில், மைனஸ் 18 டிகிரியில், ஒரு வேளைக்கு ஒரு பையாகத் தட்டையாக வையுங்கள். கட்டியாக வைத்ததைவிட வெகு சீக்கிரம் உருகும். பைமேல் தேதி எழுதுங்கள். உருளைக்கிழங்குத் துண்டுகள் உறைந்து உருகினால் பெரும்பாலும் சொதசொதத்துவிடும், அதைப் பிறகு சேர்க்கலாம்.

சலிப்புத் தட்டுகிறது என்பவர்கள் முழுக் குழம்பாக வைக்காமல் வதக்கிய வெங்காயம், வெந்த பயறு என்று தனித்தனியாக வையுங்கள். காரம், புளிப்பு எல்லாம் சூடாக்கும்போது போட்டுக்கொள்ளலாம்.