ஆப்பில் இரண்டு குரலும் ஒரே அளவு, பின்வரிசைக்கு ஒன்றுதான் எட்டுகிறது: ஏன்?

உவர்மலை:
கோயில் மண்டபத்தில் மைக் இல்லாமல் பண்ணிசை. பாடுகிற இருவரும் ஆண்கள், ஒரே சுருதி. ஒரு மீட்டர் தள்ளிப் பிடித்தால் போனில் உள்ள டெசிபல் ஆப் இருவருக்கும் 84 காட்டுகிறது. கிட்ட நின்று கேட்டால் இரண்டாமவரின் குரல்தான் கனம். ஆனால் 20 மீட்டர் பின்னால் தூணடியில் இருப்பவர்களுக்கு முதலாமவரின் ஒவ்வொரு சொல்லும் விளங்குகிறது, மற்றவர் ஆர்மோனியத்துக்குள் மூழ்கிவிடுகிறார். ஆப் பிழையா? இதைப் பழகி எடுக்கலாமா?

சல்லிக்கரை:
ஆப்பில் பிழை இல்லை அண்ணை. அது மொத்தச் சக்தியை ஓர் எண்ணாகத் தருகிறது. ஆண் குரலில் 1000 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ள பலமான பகுதிதான் அந்த எண்ணைத் தீர்மானிக்கும். காது அப்படிக் கேட்பதில்லை. காதுக் குழாய் ஏறக்குறைய 2.5 சென்ரிமீற்றர் நீளம். அது தானாகவே 3000 ஹேர்ட்ஸை ஒட்டி அதிரும். அதனால் 2000 முதல் 5000 வரையில் கொஞ்சம் சக்தி இருந்தாலே போதும், குரல் பெரிதாய்க் கேட்கும்.

மேலைத்தேய ஒப்பெராப் பாடகர்களிடம் 3000ஐ ஒட்டிச் சத்தத்தின் பலத்தில் ஒரு மேடு இருப்பதை சுவீடனின் யொஹான் சுண்ட்பெரி 1970களில் விளக்கினார். குரல்நாணுக்கு மேலுள்ள சிறுகுழாய் ஒடுங்கி, தொண்டை அதைவிட ஆறு மடங்கு பரப்பில் விரிந்தால், அந்தச் சிறுகுழாய் தனியாக ஒலிக்கத் தொடங்கும். தொண்டையும் வாயும் சேர்ந்த குழாய் இயல்பாகவே பலப்படுத்தும் அதிர்வெண்கள் (ஒத்ததிர்வுகள்) சில உண்டு, அவற்றில் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது நெருங்கி ஒன்றுக்கொன்று பலம் கொடுக்கும். ஓர்க்கெஸ்ட்ராவின் பலம் 500ஐ ஒட்டி இருக்கிறது, மேலே போகப் போகக் குறைகிறது. அந்த இடைவெளியால்தான் குரல் வெளியே வருகிறது. இதற்கு மூச்சை முட்டித் தள்ளத் தேவையில்லை.

ஒன்றைக் கவனியுங்கள்: ஓதுவார் குரலுக்கும் அதே மேடு இருந்தாக வேண்டும் என்று அளவுகோல் வைக்க வேண்டாம். மரபு வேறு. ஆர்மோனியத்தின் நாக்குகள் மேல் சுரங்களையும் (அடிச் சுரத்தோடு கூடவே ஒலிக்கும் உயர்ந்த அதிர்வுகள்) நிறையத் தரும், ஓர்க்கெஸ்ட்ரா போல இடம் விடாது. ஒரு வரிசை நாக்கை மூடிவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

நிலாவெளி:
சரிபார்க்க: ஆர்மோனியத்தை நிறுத்துங்கள். இருவரும் ஒரே சுருதியில் ‘ஆ’ 5 செக்கன். போனில் தானியங்கி ஒலிச்சமன் இருந்தால் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது இரண்டு குரலையும் ஒரே மட்டத்துக்கு இழுத்துவிடும். ஸ்பெக்ட்ரம் ஆப்பில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டுவது), 2000 வரையுள்ள உச்சத்துக்கும் 2000–4000இல் உள்ள உச்சத்துக்கும் எத்தனை டெசிபல் வித்தியாசம் என்று பாருங்கள். எட்டுகிற குரலில் வித்தியாசம் குறைவாய் இருக்கும்.

அதற்கு முதல் இரண்டாமவரின் தலையைப் பாருங்கள். பதிகப் புத்தகத்தை மடியில் வைத்துக் குனிந்து பாடுகிறாரா? கீழ்ச் சத்தம் தலையைச் சுற்றி எல்லாப் பக்கமும் போகும், 3000 ஹேர்ட்ஸ் வாய் பார்க்கிற திசையிலேயே போகும். குனிந்தால் அது பாயில்தான் விழும். புத்தகத்தை நெஞ்சளவு உயரத்தில் தாங்கியில் வையுங்கள்.

பாடுகிறவருக்கு இது தெரியாது. அவர் காது வாய்க்குப் பின்னால், எலும்பு வழியாகவும் கீழ்ச் சத்தமே கூட வரும். ‘என் குரல் நிறைந்து கேட்குது’ என்று அவர் சொன்னால் நம்பிவிடாமல் பின்வரிசையில் ஒருவரை நிறுத்திக் கேளுங்கள்.

பாலையூற்று:
பழகலாம். ‘ங்’ என்று மூக்கடியில் பிடித்து, அதே அதிர்வை விடாமல் ‘ஈ’, பிறகு ‘ஆ’. ‘ஆ’வில் வாய் விரிந்ததும் அந்தக் கணகணப்பு போய்விடும், அங்கேதான் பொறுமை வேண்டும். ஒரு தடவைக்கு 5 நிமிடம். தொண்டை இறுகினாலோ நொந்தாலோ உடனே நிறுத்த வேண்டும், இறுக்கிப் பெறுகிற கூர்மை குரலைக் கெடுக்கும்.

பெண்கள் உச்சத்தில் பாடும்போது கதை வேறு. சுருதி 700 ஹேர்ட்ஸுக்கு மேலே போனால் மேல் சுரங்களுக்கிடையே தூரம் கூட, மேட்டுக்குள் விழ ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும். அவர்கள் தாடையை இறக்கி முதல் ஒத்ததிர்வைச் சுருதிக்கு ஏற்றுவார்கள்.

உவர்மலை:
மிக்க நன்றி. புத்தகம் மடியில்தான். திருவிழாவுக்குக் கூம்பு ஸ்பீக்கர் கட்டினால் முதலாமவரின் குரல் காதைக் குத்துமா?

பாலையூற்று:
குத்தும். கூம்பு அந்தப் பகுதியை ஏற்கெனவே தூக்கிக் கொடுக்கும். அவருக்கு மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்து, 3000இல் 3 டெசிபல் குறையுங்கள். இரண்டாமவரை நான்கு விரல் தூரத்தைவிட மைக்குக்குக் கிட்டவிட வேண்டாம். கிட்டப் போனால் மைக் கீழ்ச் சத்தத்தைக் கூட்டும், கூம்பு அதை வெளியே விடாது, மிச்சம் வருவது குழைந்த சொல்தான்.