சாங்கியில் இறங்கியவுடன் வெளியே ஓடிவிடாதீர்கள்

சிங்கப்பூருக்குப் புதிதாக வேலைக்கோ படிப்புக்கோ வந்திருப்பவர்களுக்கு வாடகை அறை, வங்கிக் கணக்கு, சிம் அட்டை பற்றியெல்லாம் பலரும் விளக்கமாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்ல விரும்புவது சாங்கி விமான நிலையத்தைப் பற்றி. நம்மில் பெரும்பாலோர் அதை ஒரு வாசலாக மட்டுமே கருதி, பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு டாக்சி வரிசையை நோக்கி விரைந்துவிடுகிறோம். நான் வந்த முதல் இரவிலும் அப்படித்தான் நடந்தது. இவ்வூர்க் குடும்பங்கள் விடுமுறை நாளில் பிள்ளைகளோடு பொழுதுபோக்க விமான நிலையத்துக்குப் போகின்றன என்பதும், மாணவர்கள் அங்கே உட்கார்ந்து தேர்வுக்குப் படிக்கிறார்கள் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சாங்கி 1981-இல் இயங்கத் தொடங்கியது. இப்போது நான்கு முனையங்கள் இருக்கின்றன. இறங்கி நடக்கும்போது ஆங்கிலம், சீனம், மலாய் ஆகியவற்றோடு தமிழிலும் வழிகாட்டிப் பலகைகளைக் காண்பீர்கள். தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று என்பதைப் படித்து அறிவது வேறு, தூக்கக் கலக்கத்தோடு நடந்துவரும் விடியற்காலையில் அந்த எழுத்துகளை அண்ணாந்து பார்ப்பது வேறு. மூன்றாம் முனையத்தில் இறங்கினால், பெட்டிகள் வரும் பட்டையருகே காத்திருக்கும் நேரத்தில் தலையை நிமிர்த்திப் பாருங்கள். கொடிகளும் செடிகளும் படர்ந்த பச்சைச் சுவர் ஒன்று ஐந்து மாடி உயரத்துக்கு, ஏறத்தாழ 300 மீட்டர் நீளத்துக்கு நிற்கிறது.

ஆனால் நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய இடம் ஜுவல்தான். முதலாம் முனையத்தின் முன்னால் திறந்தவெளிக் கார் நிறுத்துமிடமாக இருந்த நிலத்தில் எழுந்த இந்தக் கட்டடம் 2019 ஏப்ரலில் மக்களுக்குத் திறக்கப்பட்டது. தரைக்கு மேல் ஐந்து தளங்கள், கீழே ஐந்து தளங்கள். வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் மோஷே சாஃப்டி. 9,000-க்கும் மேற்பட்ட கண்ணாடிப் பலகைகளால் வேய்ந்த கூரை ஓரிடத்தில் உள்நோக்கிக் குழிந்து வட்டமான திறப்பில் முடிகிறது. அந்தத் திறப்பின் வழியே 40 மீட்டர் உயரத்திலிருந்து நீர் விழுகிறது. கட்டடத்துக்குள் அமைந்த அருவிகளில் உலகிலேயே உயரமானது இதுதான். மேல்தளத்தில் நின்று கவனித்தால், அருவி கட்டடத்தின் சரியான நடுவில் இல்லை என்பது புலப்படும். முனையங்களை இணைக்கும் ஸ்கைட்ரெயினின் பாதை குறுக்கே செல்வதால் அருவியைச் சற்று ஒதுக்கி அமைத்திருக்கிறார்கள். இதனால் கெட்டது ஒன்றுமில்லை. அருவிக்கும் அடுக்கடுக்கான மரக்கூட்டத்துக்கும் இடையே ரயில் ஓசையின்றி ஊர்ந்து போவதைப் பார்ப்பதே தனி அழகு.

மழை நாளில் போங்கள் என்பது என் அறிவுரை. கூரையில் விழும் மழைநீர் அந்தத் திறப்பை நோக்கி வழிந்துவரும்படியே கூரைக்குச் சரிவு கொடுத்திருக்கிறார்கள். சேமிக்கப்படும் அந்த நீரே அருவிக்கும் செடிகளுக்கும் பயன்படுகிறது. ஊரிலிருந்து என் தாயார் முதன்முறையாக வந்தபோது, வெளியே இடியுடன் மழை கொட்டிய ஒரு பிற்பகலில் அவரை அங்கே அழைத்துச் சென்றேன். கைப்பிடிக் கம்பியைப் பிடித்தவர், கை ஈரமானதும் அதை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "குத்தாலத்துல சாரல் அடிக்கிற மாதிரியே இருக்கே" என்றார். அதன் பிறகு அரை மணி நேரம் அவர் அங்கிருந்து நகரவில்லை. கீழ்த்தளங்களுக்கும் இறங்கிச் செல்லுங்கள். அங்கே அதே நீர் ஒளி ஊடுருவும் பெரிய குழாய் ஒன்றின் உட்சுவரில் வழிந்தோடுவதை எட்டும் தொலைவில் நின்று பார்க்கலாம். அருவியையும் அதைச் சூழ்ந்த மரங்களையும் காண ஒரு காசும் தர வேண்டியதில்லை. மேல்தளப் பூங்காவுக்கு மட்டும் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். முதன்முறை போகிறவர்களுக்கு அது தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

இங்கே பலர் ஏமாந்துபோகும் ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஜுவல் குடிநுழைவுச் சோதனைக்கு வெளியே இருக்கிறது. சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ சாங்கி வழியாக ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ போகும் உறவினர்கள், இடையில் நான்கைந்து மணி நேரம் இருக்கிறது என்று நம்பி, குடிநுழைவுச் சோதனையைக் கடக்காமல் அருவிக்குப் போக முடியாது. அவர்களுக்கும் ஒரு வழி உண்டு: இரண்டாம் முனையத்துக்கும் மூன்றாம் முனையத்துக்கும் இடையே ஸ்கைட்ரெயினில் போனால், பெட்டியின் கண்ணாடி வழியே அருவியை ஒருமுறை பார்த்துவிடலாம். மூன்றாம் முனையத்தின் பட்டாம்பூச்சித் தோட்டம் இதற்கு நேர்மாறானது. அது பயணிகள் பகுதிக்குள் இருப்பதால், வழியனுப்ப வந்தவர்கள் அதைப் பார்க்க முடியாது. முதலாம் முனையத்தின் புறப்பாட்டு மண்டபத்தில் தொங்கும் 1,216 உலோக மழைத்துளிகளை எல்லோரும் பார்க்கலாம். துளிகள் மெல்ல ஏறியிறங்கிப் பல வடிவங்களாக மாறிக்கொண்டே இருக்கும். அவசரப்படாமல் பத்து நிமிடமாவது நின்று பாருங்கள்.

நம் ஊரில் பயணச்சீட்டு இல்லாதவர்கள் வாசலிலேயே நின்றுவிட வேண்டும். சாங்கியின் புறப்பாட்டு மண்டபத்துக்குள் யார் வேண்டுமானாலும் வரலாம். பெற்றோர் ஊர் திரும்பும் நாளில் பெட்டியைப் பதிவு செய்யும் வரை உடனிருந்து, சேர்ந்து ஒரு காப்பி குடித்து, சோதனைக்குள் நுழையும் இடம் வரை கைபிடித்துச் செல்லலாம். தனியாக விமானம் ஏறும் வயதானவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அனுப்பி வைத்தவர்களுக்குத் தெரியும். அன்று இரண்டு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள்.

போய்வருவது எளிது. எம்ஆர்டி எனப்படும் நகர ரயிலின் நிலையம் இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு நடுவே இருக்கிறது. நகருக்குள் செல்ல தானா மேரா நிலையத்தில் இறங்கிப் பச்சைத் தடத்தில் மாற வேண்டும். நள்ளிரவுக்குப் பிறகு இறங்கினால் ரயில் இருக்காது. டாக்சியில் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை மீட்டர் கட்டணத்தோடு அதில் பாதித் தொகையும் கூடுதலாகச் சேரும் என்பதால், அதற்கேற்ற பணத்தோடு வாருங்கள். பெற்றோரை வரவழைக்கும்போது சிங்கப்பூர் வருகை அட்டையை அவர்கள் வந்திறங்கும் நாளோடு சேர்த்து மூன்று நாள்களுக்குள் நீங்களே இணையத்தில் நிரப்பிவிடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது, கேட்கும் தளம் அரசின் தளம் அன்று. அவர்களுடைய விமானம் எந்த முனையத்துக்கு வருகிறது என்பதையும் முந்தைய நாளே பார்த்து வையுங்கள். நான்காம் முனையத்துக்கு ஸ்கைட்ரெயின் கிடையாது, இலவசப் பேருந்தில்தான் போக வேண்டும்.