அணைத்த பிறகும் ஐகான் தெரிகிறது: டச் பேனலில் எதை மாற்ற வேண்டும்?

கேள்வி: மின்மினி

வணக்கம். நான்கு ஐகான் கொண்ட சுவர் டச் ஸ்விட்ச் பேனல் ஒன்றுக்கான மாதிரி இது. அணைந்திருக்கும்போது வெறும் கருப்புப் பலகையாக இருக்க வேண்டும், தொட்டால் மட்டும் ஐகான் ஒளிர வேண்டும்.

முகப்பு 3 மி.மீ. நிறமற்ற அக்ரிலிக், லேசரில் வெட்டியது. பின்புறம் ஸ்கிரீன் பிரிண்டிங்: ஐகான் வடிவத்தை விட்டுவிட்டுக் கருப்பு ஒரு கோட், அந்த இடைவெளியில் மட்டும் ஸ்மோக் மை (புகை நிறத்தில் பாதி ஒளிபுகும் மை, இது 35% ஒளி கடத்தும்), அதன் மேல் ஒளியைப் பரப்பும் வெள்ளை டிஃப்யூசர் மை. ஐகான் 12 மி.மீ. சதுரம், மையத்துக்கு மையம் 25 மி.மீ. ஒவ்வொன்றுக்கும் பின்னால் 4 மி.மீ. தள்ளி ஒரு 3528 (3.5 × 2.8 மி.மீ. அளவு) வெள்ளை எல்இடி, 2 மில்லி ஆம்பியர். இடையில் 1 மி.மீ. வெள்ளை ஏபிஎஸ் பிளாஸ்டிக் சுவர்.

பகலில் ஜன்னல் பக்கம் நின்றால் அணைந்த ஐகான் சாம்பல் நிறத்தில் அப்படியே தெரிகிறது. விளக்கு ஐகானை எரித்தால் பக்கத்து ஃபேன் ஐகானும் மங்கலாக எரிகிறது. நடுவில் பளிச், ஓரத்தில் மங்கல். இருட்டில் கருப்புப் பகுதியில் ஊசிக்குத்து மாதிரி புள்ளிகள். இது போதாதென்று, எல்இடியை டிம் செய்யும்போது டச் தானாக வேலை செய்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1: கண்ணாடிக்காரன்

ஸ்மோக்கிலிருந்து தொடங்குங்கள். 35% மிக அதிகம்.

அறை வெளிச்சம் ஸ்மோக்கைத் தாண்டி உள்ளே போய், வெள்ளையில் பட்டு, திரும்பவும் ஸ்மோக்கைத் தாண்டித்தான் கண்ணுக்கு வரும். போகும்போதும் சுங்கம், வரும்போதும் சுங்கம். எல்இடி ஒளிக்கோ ஒருமுறைதான். வெள்ளை மை 60% பிரதிபலிக்கும் என்று வைத்தால், உங்கள் பேனலில் அணைந்த ஐகான் 0.35 × 0.35 × 0.6, அதாவது சுமார் 7% ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. பளபள அக்ரிலிக்கின் மேற்பரப்பு திருப்புவதே 4% சுமார்தான். தெரியாமல் எப்படி இருக்கும்? ஸ்மோக்கை 10% ஆக்கினால் அந்த 7% என்பது 0.6% ஆகிவிடும். மறைவு 12 மடங்கு கூடுகிறது, எல்இடி ஒளியில் இழப்பது 3.5 மடங்குதான். மின்சாரத்தைக் கூட்டினால் அதை ஈடுகட்டிவிடலாம்.

கணக்கு இதோ. வீட்டுக்குள் முகப்பில் சதுர மீட்டருக்கு 150 கேண்டெலா பிரகாசம் போதும். 12 × 12 மி.மீ. பரப்புக்கு 3.14 × 150 × 0.000144, ஏறத்தாழ 0.07 லூமன் (மொத்த ஒளியின் அலகு). ஸ்மோக் 10% என்றால் பின்னால் 0.7 லூமன் வேண்டும். எல்இடி இருக்கும் ஒளி அறையிலும் டிஃப்யூசரிலும் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும் என்று கொண்டால் 2 லூமன். 3528 வெள்ளை எல்இடி 20 மில்லி ஆம்பியரில் 6 லூமன் சுமார் தரும். ஆக 7 மில்லி ஆம்பியர். 5 வோல்ட் சப்ளையில் 270 ஓம் போடுங்கள்.

இன்னொன்று: ஸ்மோக்கை ஐகானுக்குள் மட்டும் அடிக்காதீர்கள். எவ்வளவு நல்ல மையானாலும் கருப்போடு நிறம் ஒட்டாது, சாய்த்துப் பார்த்தால் விளிம்பு காட்டிக்கொடுத்துவிடும். முதல் அச்சிலேயே பேனல் முழுக்க ஸ்மோக், அதன் பின்னால் ஐகான் விட்ட கருப்பு. பார்ப்பவர் கண்ணுக்கு எல்லா இடத்திலும் முதலில் படுவது ஒரே ஸ்மோக்காக இருக்க வேண்டும்.

பதில் 2: அச்சுக்கூடம்

மேலே சொன்னது சரி. ஒளிக்கசிவுக்கு இரண்டு வழி இருக்கிறது, இரண்டாவதைப் பலர் கவனிப்பதே இல்லை.

முதல் வழி, சுவர். 1 மி.மீ. வெள்ளை ஏபிஎஸ் ஒளியை விடும், சுவருக்கும் பேனலுக்கும் நடுவே 0.2 மி.மீ. சந்து இருந்தாலும் விடும். சுவரைக் கருப்பில் செய்து உட்பக்கம் மட்டும் வெள்ளை அடியுங்கள். நுனியில் அழுத்தினால் பாதியாகும் 1 மி.மீ. கருப்பு ஃபோம் டேப்.

இரண்டாவது, அக்ரிலிக்கே. வெள்ளை மை பேனலோடு ஒட்டி இருப்பதால், சிதறும் ஒளி எல்லாக் கோணத்திலும் அக்ரிலிக்குக்குள் நுழைகிறது. பரப்பின் செங்குத்துக் கோட்டிலிருந்து 42 டிகிரியைத் தாண்டிய கதிர் முன்பரப்பு வழியே வெளியேற முடியாமல் உள்ளேயே திரும்பும். 3 மி.மீ. தடிமனில் 65 டிகிரிக் கதிர் ஒரே துள்ளலில் 13 மி.மீ. தள்ளிப்போய் விழும். உங்கள் இரண்டு ஐகானுக்கும் நடுவே இருக்கும் தூரம் அதேதான்! அங்கே இருக்கும் வெள்ளை மை அதைப் பிடித்து வெளியே சிதறடிக்கிறது. அதனால் வெள்ளை மையை எடுத்துவிட்டு, 1 மி.மீ. ஓபல் (பால் வெள்ளை) அக்ரிலிக்கைத் தனித் துண்டாக, பேனலைத் தொடாமல் 0.2 மி.மீ. காற்றிடைவெளி விட்டு வையுங்கள். காற்றிலிருந்து நுழையும் ஒளி 42 டிகிரியைத் தாண்டாது, முன்பக்கமே போய்விடும்.

எது காரணம் என்று பார்க்க, சுவர் நுனியைச் சுற்றிக் சந்தை அடைக்கும் கருப்புப் புட்டி மாவை அப்புங்கள். அப்படியும் கசிந்தால் அக்ரிலிக் வழிதான்.

நடுவில் பளிச் என்பது உயரக் குறைவு. 4 மி.மீ. உயரத்தில் ஓரத்துக்கு நடுவில் விழுவதில் பத்தில் ஒரு பங்குதான் போகும், 12 மி.மீ. ஆக்கினால் 64%. அவ்வளவு ஆழம் இல்லையென்றால் 6 மி.மீ. உயரத்தில் நான்கு எல்இடி, 6 மி.மீ. இடைவெளியில் சதுரமாக. மின்சாரத்தை நான்காகப் பிரித்துக்கொள்ளலாம்.

ஊசிக்குத்துப் புள்ளிகளுக்கு ஒரே மருந்து இன்னொரு கோட். கருப்பு இரண்டு கோட், முதலாவது முழுக்கக் காய்ந்த பிறகு இரண்டாவது. தூசி ஸ்கிரீனில் ஒட்டியிருந்தால் ஒரே இடத்தில் இரண்டு முறையும் ஓட்டை விழும், நடுவில் ஸ்கிரீனைத் துடையுங்கள். இரண்டாவது கோட்டில் ஐகான் இடைவெளியை 0.2 மி.மீ. பெரிதாக்குங்கள், இல்லையேல் சிறு நகர்வுகூட ஐகானின் கோடுகளைத் தின்றுவிடும். ஐகான் கோடு 0.5 மி.மீ.க்குக் குறைய வேண்டாம்.

லேசரில் வெட்டிய விளிம்பில் இறுக்கம் தங்கியிருக்கும், சால்வென்ட் மை பட்டால் முடி போல விரிசல் ஓடும். அச்சுக்கு முன் 80 டிகிரி செல்சியஸில் 3 மணி நேரம் வைத்து மெல்ல ஆறவிடுங்கள்.

பதில் 3: செப்புத்தடம்

டச் பற்றி நான் சொல்கிறேன். கருப்பு மையில் கார்பன் இருக்கிறதா என்று அச்சகத்தில் கேளுங்கள். கார்பன் கூடுதலான மை மின்சாரம் கடத்தும், விரலின் தாக்கத்தைப் பேனல் முழுக்கப் பரப்பிவிடும், ஒன்றைத் தொட்டால் இன்னொன்று எரியும். மின்கடத்தாக் கருப்பு என்றே தனி மை வருகிறது.

எல்இடி உயரத்தைக் கூட்டினால் பிசிபியில் (சர்க்யூட் பலகையில்) இருக்கும், தொடுதலை உணரும் செம்பு எலக்ட்ரோட் விரலிலிருந்து விலகும். 1 மி.மீ. காற்று கிட்டத்தட்ட 3 மி.மீ. அக்ரிலிக்குக்குச் சமம், 12 மி.மீ. காற்றில் டச் செத்துவிடும். இண்டக்‌ஷன் அடுப்பில் செய்வதுபோல ஸ்பிரிங் வையுங்கள், ஆனால் ஒளி அறைக்கு வெளியே, கருப்புச் சுவரைச் சுற்றி. உள்ளே வைத்தால் கம்பியின் நிழல் ஐகானில் விழும்.

டிம் செய்யும்போது தானாக இயங்குவதற்குக் காரணம் எல்இடி தடம். டிம் செய்ய எல்இடியை வேகமாக எரித்து அணைக்கும் பிடபிள்யூஎம் அணையும் நொடியில் அந்தத் தடம் எதோடும் சேராமல் மிதக்கிறது, எலக்ட்ரோட் அதை, விரல் தொட்டதுபோன்ற மின்தேக்குத்திறன் (கபாசிட்டன்ஸ்) மாற்றமாகப் படிக்கிறது. எல்இடியை இயக்கும் டிரைவர் முனையிலிருந்து கிரவுண்டுக்கு 10 நானோஃபாரட் கபாசிட்டர் போடுங்கள், எல்இடி தடத்தை டச் தடத்தோடு இணையாக ஓடவிடாதீர்கள்.

மின்மினி

மூவருக்கும் நன்றி. எச்சரிக்கை ஐகான் மட்டும் சிவப்பாக வேண்டும். சிவப்பு மை அடிக்கலாமா?

கண்ணாடிக்காரன்

வேண்டாம், சிவப்பு எல்இடி போடுங்கள். நிற மை பகலில் தெரிந்துவிடும். பல ஸ்மோக் சாயங்கள் நீலத்தைவிடச் சிவப்பை அதிகம் விடும், அதனால் சிவப்புக்கு மின்சாரம் குறைவாகப் போதும். அதே காரணத்தால் வெள்ளை சற்று மஞ்சளாகத் தெரியும், 6500 கெல்வின் எல்இடி எடுங்கள். மொத்தமாக அச்சடிக்கும் முன் ஒரே துண்டில் 8, 12, 18% ஸ்மோக் பட்டைகள் போட்டு வாங்கி, மதியம் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள்.