வருகைப் பதிவில் ஆளைத் தெரியாமல் ஆக்குவதற்கு என்ன சொல்?

உவர்மலையிலிருந்து

வணக்கம். சிறிய தனிநபர் தளங்களுக்கான தனியுரிமைக் குறிப்பைத் தமிழில் எழுதுகிறோம். ஒரு வரியில் நிற்கிறது. சேவையகப் பதிவில் (தளத்துக்கு வரும் ஒவ்வொரு வருகையையும் சேவையகம் குறித்துவைக்கும் கோப்பில்) ஐபி முகவரியின், அதாவது வந்தவரின் இணைய இணைப்பைக் காட்டும் எண்ணின், கடைசிப் பகுதியைப் பூச்சியமாக்குகிறோம், 203.0.113.77 என்பது 203.0.113.0 ஆகப் பதிவாகும். இதை 'அநாமதேயமாக்கல்' என்று எழுதலாமா?

மூதூரிலிருந்து

அண்ணை, அநாமதேயம் என்றதும் நம் ஆட்களுக்கு அநாமதேயத் தொலைபேசி அழைப்புத்தான் நினைவுக்கு வரும். அங்கே மிரட்டுபவன் தன்னை மறைக்கிறான். இங்கே தளக்காரர் வாசகரை மறைக்கிறார்.

அதைவிடப் பெரிய சிக்கல், மூன்று வெவ்வேறு வேலைகளை இந்த ஒரு சொல்லில் அடைப்பது.

நீங்கள் செய்வது வெறும் குறுக்கம். 256 முகவரிகள் ஒன்றாகத் தெரியும், அவ்வளவுதான். 128 பிட் நீளமுள்ள புதிய வகை முகவரியான ஐபிவி6 இல் கடைசித் துண்டை மட்டும் வெட்டினால் அதுவும் இல்லை. ஒரு வீட்டு இணைப்புக்கே 64 பிட் முன்னொட்டு (முகவரியின் முன்பாதி) ஒன்று முழுதாகக் கிடைப்பது வழக்கம் என்பதால் வீடு அப்படியே தெரியும். முதல் 48 பிட்டை வைத்துக்கொண்டு மீதி 80 ஐயும் பூச்சியமாக்க வேண்டும்.

அடுத்தது ஹாஷ், அதாவது முகவரியை ஒரு கணக்கில் போட்டு வேறொரு குறியாக மாற்றுவது. ஷா-256 என்ற ஹாஷ் முறையில் கிடைத்த குறியை மீண்டும் முகவரியாகத் திருப்ப முடியாது என்பார்கள். ஆனால் பழைய வகையான ஐபிவி4 முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 430 கோடி. எல்லாவற்றுக்கும் ஹாஷ் கணக்கிட்டு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மடிக்கணினி போதும். இரகசியச் சாவி கலந்தாலும், அந்தச் சாவி அழியும்வரை தளக்காரரால் ஆளைத் தேடலாம். ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் 4(5) ஆம் உறுப்புரை இப்படிக் குறியிட்டு மாற்றுவதைத் தனியாக வரையறுப்பது சும்மா இல்லை. மேலதிகத் தகவல் சேர்ந்தால் ஆள் தெரியும் என்பதால், அது இன்னமும் தனிநபர் தரவுதான்.

மூன்றாவதில் ஒவ்வொரு வருகைக்கும் ஒரு வரி என்பதே கிடையாது. பக்கத்துக்கு நாளொன்றுக்கு எத்தனை கோரிக்கை என்ற கூட்டுத்தொகை மட்டும் மிஞ்சும்.

நிலாவெளியிலிருந்து

மூன்றுக்கும் மூன்று சொல் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. 'அடையாள அழிப்பு' மட்டும் வேண்டாம். ஊர்ப்பெயர் மாற்றம், காணிப் பிரச்சினை பற்றிய கட்டுரைகளில் அது ஏற்கெனவே வேறு வேலை செய்கிறது. 'ஆள்மறைப்பு' என்பதை, ஆட்கள் காணாமலாக்கப்பட்ட இந்த ஊரில் இருந்து ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள். மேலே விளக்கத் தேவையில்லை. 'புனைபெயரிடல்' என்றால் எழுத்தாளர் தானே சூடிக்கொள்வது. வாசகர் எதையும் சூடவில்லை.

'ஆளறி' என்று வினைத்தொகையாக எடுத்தால் ஒரு குடும்பமே கிடைக்கும். ஆளை அறியத் தருவது ஆளறி தரவு. அதற்குப் பதிலாக வேறொரு குறியை வைப்பது ஆளறி மாற்றீடு. அது அறவே இல்லாமற் போவது ஆளறி நீக்கம். வெட்டுவதற்கு முகவரிக் குறுக்கம்.

மூதூரிலிருந்து

ஆளறி நல்லாயிருக்கு. ஆனால் குறுக்கத்தை நீக்கம் என்று எழுத விடக்கூடாது. நாளுக்கு இருபது பேர் வரும் தளத்தில், சம்பூர் பற்றிய பக்கத்தை இரவு 11.40 க்கு ஒஸ்லோவில் இருந்து திறந்தவர் யாரென்று எழுதியவர் ஊகித்துவிடுவார். கடைசி எண் இல்லாததால் அது தடைப்படாது. நேரமும் பக்கமும் சேர்ந்தாலே ஆளறி தரவுதான்.

இன்னொன்று: என்ஜின்எக்ஸ் என்ற சேவையக மென்பொருளில், வருகைகளைக் குறிக்கும் அணுகல் பதிவின் வடிவத்தை மாற்றலாம். பிழைப் பதிவின் வடிவத்தை அமைப்புக் கோப்பில் மாற்ற வழியில்லை. முழு முகவரியும் அங்கே விழும். பிழைப் பதிவின் மட்டத்தை, கடுமையான பிழைகளை மட்டும் பதியும் 'கிரிட்' ஆக உயர்த்தினால் வரிகள் பெரும்பாலும் நின்றுவிடும். அமைப்பை மாற்றுவதற்கு முன்பே சேர்ந்து, கோப்பாகச் சுருக்கிச் சேமிக்கப்பட்டிருக்கும் பழைய பதிவுகளையும், காப்புப் பிரதியில் உள்ளவற்றையும் கையால் அழிக்க வேண்டும். எழுத்துருவை வேறொரு நிறுவனத்தின் சேவையகத்தில் இருந்து இழுத்தால் முகவரி அங்கே முழுதாகப் போகும். நோட்டோ சான்ஸ் தமிழ் திறந்த உரிமத்தில் கிடைக்கிறது; கோப்பை உங்கள் தளத்திலேயே வையுங்கள்.

உவர்மலையிலிருந்து

சரி, குறிப்பில் இப்படிப் போடுகிறேன்: "அணுகல் பதிவில் முகவரிக் குறுக்கம் செய்கிறோம். அந்தப் பதிவு 7 நாளில் அழியும். அதற்குப் பின் ஆளறி நீக்கம் செய்த நாள் கூட்டுத்தொகை மட்டும் இருக்கும். ஆளறி மாற்றீடு செய்வதில்லை." 7 நாள் கூடுதலாகப்பட்டால் இன்றைக்கே சொல்லுங்கள்.