அலமாரி நிறைய கார்டு, டப்பா நிறைய ஃப்ளாப்பி: எதைத் தூக்கிப் போடலாம்?

அல்சூர்வாசி:

வணக்கம். பெங்களூருவில் அல்சூர் பக்கம் ஒரு சின்னத் தமிழ் நூலகம். ஒரே ஹால், சுமார் 4,000 புத்தகம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் போய் கவுண்டரில் உட்காருவேன். வார நாளில் சாஃப்ட்வேர் வேலை என்பதால் 'கம்ப்யூட்டர் சமாசாரம் எல்லாம் நீயே பாத்துக்கோப்பா' என்று கமிட்டி என் தலையில் கட்டிவிட்டது.

கதவுக்குப் பக்கத்தில் தேக்கில் ஒரு கார்டு அலமாரி, 24 டிராயர். புத்தக விவரம் எழுதிய கேட்டலாக் கார்டு எல்லாம் அதில்தான். யாரும் திறப்பதில்லை. மேலே பழைய பேப்பர் அடுக்குகிறோம். அந்த இடத்தில் வாட்டர் ப்யூரிஃபயர் வைக்கலாம் என்று தீர்மானம் போட்டாயிற்று. சிவாஜிநகரில் கொடுத்தால் தேக்குக்கு நல்ல விலை வரும், கார்டு எடைக்குப் போகட்டும் என்கிறார் பொருளாளர்.

அதன் கடைசி டிராயரில் ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்தது. உள்ளே 11 பெரிய ஃப்ளாப்பி (5¼ அங்குலம்), 6 சின்னது. லேபிளில் பால்பாயிண்ட் பேனாவால் 'தமிழ் நூல்கள், ஐசிஸ், 2/4, மார்ச் 94' என்ற மாதிரி எழுதியிருக்கிறது. அந்த வருஷம் யாரோ எல்லாக் கார்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார்களாம். அந்தக் கம்ப்யூட்டர் போன இடம் தெரியவில்லை.

ஃப்ளாப்பியில் இருப்பதை எடுத்துக் கோஹா என்ற நூலக சாஃப்ட்வேரில் ஏற்றிவிட்டால் கார்டைத் தூக்கிப் போடலாம்தானே? இன்னொரு சந்தேகம். கார்டின் இடது மூலையில் 'ஓ31,3என்06' என்று இங்கிலீஷ் எழுத்தும் எண்ணுமாக இருக்கிறது. வண்டி நம்பர் மாதிரி. இது என்ன கணக்கு?

டின்ஃபேக்டரி சிக்னல்:

ரெண்டையும் போடுங்க ப்ரோ. போனில் ஐஎஸ்பிஎன் ஸ்கேன் பண்ணினா விவரம் தானா வந்துடும். ரெண்டு ஞாயிறு வேலை.

அல்சூர்வாசி:

எங்க புத்தகத்தில் பாதிக்கு மேல் 1980-க்கு முந்தினது. பார்கோடு இருக்க வேண்டிய இடத்தில் 'விலை ரூ. 4.50' மட்டும்தான் இருக்கு.

ஆர்.கே.புரம் ராத்திரிப்பட்சி:

தில்லியில் ஒரு நூலகத்துக்காக இதே வேலையைச் செய்து முடியை இழந்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

ஐசிஸ் என்பது யுனெஸ்கோவின் சிடிஎஸ்/ஐசிஸ், நூல் பட்டியல் போடும் சாஃப்ட்வேர். 1985 கடைசியில் பிசிக்கு வந்தது. இங்கே நிஸ்ஸாட் என்ற மத்திய அரசுத் திட்டம் மூலமாக நூலகங்களுக்குப் பரவியது. அப்போது காசு இல்லாத நூலகத்துக்கெல்லாம் அதுதான் கதி. நல்ல கதிதான், குறை சொல்ல மாட்டேன்.

அவசரப்பட்டு ஃப்ளாப்பியை டிரைவில் செருகிவிடாதீர்கள். அந்த நீள ஓட்டை வழியாக வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பூஞ்சை. அது டிரைவின் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்து வரும் நல்ல ஃப்ளாப்பியையும் சுரண்டிவிடும். சின்ன ஃப்ளாப்பிக்கு யுஎஸ்பி டிரைவ் கிடைக்கும். பெரியதற்கு ஃப்ளாப்பி கேபிள் போடும் இடமுள்ள பழைய மதர்போர்டு வேண்டும். உங்கள் ஊரில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு இருக்கிறதே, அலைந்து பாருங்கள். 1.2 எம்பி டிரைவ் கிடைத்தால் 360 கேபி ஃப்ளாப்பியையும் அதுவே படிக்கும். படிக்க மட்டும்தான், அதில் எதையும் எழுதாதீர்கள். ஒவ்வொன்றையும் இமேஜ் (அப்படியே முழு நகல்) எடுத்துவிட்டு, பிறகு இமேஜில் மட்டும் வேலை செய்யுங்கள்.

உள்ளே எம்எஸ்டி, எக்ஸ்ஆர்எஃப் என்று முடியும் இரண்டு ஃபைல் கிடைத்தால் பிழைத்தீர்கள். ரெக்கார்டு எல்லாம் அதில்தான். இண்டெக்ஸ் ஃபைல்கள் போயிருந்தாலும் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். எஃப்டிடி ஃபைலும் கிடைக்கிறதா பாருங்கள், எந்த எண்ணில் ஆசிரியர், எந்த எண்ணில் தலைப்பு என்பது அதில்தான் இருக்கும். பழைய டாஸ் புரோகிராம்களை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டும் டாஸ்பாக்ஸில் ஐசிஸை ஓட்டி, நூலக ரெக்கார்டைப் பரிமாறும் வடிவமான ஐஎஸ்ஓ 2709 ஃபைலாக வெளியே எடுங்கள். கோஹா கேட்கும் மார்க் 21 என்ற ரெக்கார்டு அமைப்புக்கும் இதே ஐஎஸ்ஓ 2709-தான், ஆனால் உறை மட்டுமே ஒன்று, உள்ளே இருக்கும் கடுதாசி வேறு. இன்னொரு வில்லங்கம், ஐசிஸ் 80 எழுத்துக்கு ஒருமுறை வரியை உடைத்துத் தள்ளும். அந்த உடைப்பை எல்லாம் நீக்காமல் எந்த மார்க் கருவியிலும் கொடுக்காதீர்கள். எனக்கு இது புரிய மூன்று ராத்திரி ஆனது.

அல்சூர்வாசி:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். 17-ல் 9 ஃப்ளாப்பி படித்தது. எம்எஸ்டி, எக்ஸ்ஆர்எஃப், எஃப்டிடி மூன்றும் முழுசாகக் கிடைத்துவிட்டன. ராத்திரிப்பட்சிக்கு ஒரு ஃபில்டர் காபி கடன்.

தமிழ்த் தலைப்பு எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருக்கிறார்கள், ல-வுக்குச் சின்ன எழுத்து, ள-வுக்குப் பெரிய எழுத்து என்று. டாஸ்பாக்ஸில் 'பள்ளி' என்று தேடினால் கல்வி பற்றிய புத்தகங்களோடு பல்லி விழும் பலனும் சேர்ந்து வருகிறது. ஏன் என்று தெரியவில்லை. எப்படியோ, டேட்டா வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு பேப்பர்காரர் வருகிறார்.

மல்லேஸ்வரம் நூலகி:

தம்பி, பேப்பர்காரருக்குப் போன் போட்டு வரவேண்டாம்னு சொல்லுங்க முதல்ல. மீதியை நிதானமாப் படிக்கலாம்.

பல்லியை முடிச்சிடறேன், சின்ன விஷயம். ஐசிஸ் இண்டெக்ஸ் கட்டும்போது எல்லா எழுத்தையும் பெரிய எழுத்தா மாத்திக்கும். அதுக்குன்னே ஒரு டேபிள் ஃபைல் உண்டு. ஆக ல-வும் ள-வும் அங்கே ஒண்ணாயிடும். பல்லியும் பள்ளியும் ஒரே வீட்டுக்குக் குடிபோன மாதிரி. ரெக்கார்டுல சரியாத்தான் இருக்கும், அதிலிருந்தே யூனிகோடுக்கு மாத்துங்க. அடிச்சது ஒரே ஆளான்னும் பாருங்க. ரெண்டு பேர்னா ழ-வுக்கு ரெண்டு எழுத்துக்கூட்டு இருக்கும்.

அந்த வண்டி நம்பர், கோலன் பகுப்பு எண். புத்தகத்தைப் பொருள்வாரியா அடுக்கற முறை. அதை உருவாக்கினவர் எஸ்.ஆர். ரங்கநாதன், சீர்காழிக்காரர். 1924-ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி நூலகர் ஆனார், 1933-ல கோலன் வெளிவந்தது. கடைசிக் காலத்துல நம்ம பெங்களூருதான் அவருக்கு ஊர். 1962-ல இங்கே டிஆர்டிசி-ங்கிற நூலகவியல் ஆய்வு, பயிற்சி மையத்தை ஆரம்பிச்சார், 1972-ல இங்கேயே காலமானார். உங்க நூலகத்துல அந்தக் காலத்துல கோலன் போட்டிருக்காங்கன்னா, அவர்கிட்டயோ அவர் மாணவர்கள்கிட்டயோ படிச்ச யாரோ உட்கார்ந்து செஞ்சிருக்கணும்.

ஓ-ன்னா இலக்கியம். 31 தமிழ். கமாவுக்கு அப்புறம் 1 வந்தா கவிதை, 2 நாடகம், 3 புனைகதை. என்-ன்னா 1900-கள், 06 அந்த நூற்றாண்டுல ஆறாவது வருஷம். ஆக 1906-ல பிறந்த தமிழ்க் கதாசிரியர். அந்தக் கார்டை எடுத்துப் பாருங்க, புதுமைப்பித்தனா இருக்கணும். தப்பா இருந்தா எனக்கு ஒரு ஃபில்டர் காபி குறைச்சுக்கோங்க.

கவனிச்சீங்களா? எழுதினவர் பிறந்த வருஷம் தெரியாம கோலன்ல கதைப் புத்தகத்துக்குச் சரியா எண் போட முடியாது. டூயி-ங்கிற இன்னொரு பகுப்பு முறையில 894.8113-னு எல்லாத் தமிழ்க் கதைக்கும் ஒரே தொப்பியைப் போட்டுட்டு நகர்ந்துடலாம். கோலன்ல அது நடக்காது. பதிப்பகத்துக்குக் கார்டு போட்டு, ஆசிரியர் கூட்டத்துக்கு வந்தா கூச்சப்படாம 'உங்க பிறந்த வருஷம் என்ன சார்'னு கேட்டு எழுதுவோம். பெண் எழுத்தாளர்கள்கிட்ட கேட்கிறது இன்னும் கஷ்டம்.

இப்போ நான் அடிபட்ட கதை. 1991-ல நான் வேலை பார்த்த இடத்துல (பெயர் வேண்டாம், நல்ல இடம்தான்) கார்டை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னு முடிவாச்சு. ஏசி அறை, வாசல்ல செருப்பைக் கழட்டணும், மூலையில ஒரு டாட் மேட்ரிக்ஸ் கிரீச் கிரீச்னு. டைப் அடிக்க வெளியாளுக்குக் காண்ட்ராக்ட், ரெக்கார்டுக்கு இவ்வளவுன்னு காசு. எண்ணிக்கையை எப்படிச் சரிபார்க்கிறது? அக்செஷன் எண்ணை, அதாவது ஒவ்வொரு புத்தகத்துக்கும் பதிவேட்டுல போடற வரிசை எண்ணை வச்சு. பதிவேட்டுல எத்தனை எண்ணோ அத்தனை ரெக்கார்டு. கணக்கு சரியா இருந்தது, பில்லும் பாஸாச்சு.

கார்டு கேட்டலாக்ல புத்தகத்துக்கு இருக்கிற கார்டு மட்டும் இல்லை தம்பி. 'விருத்தாசலம், சொ. காண்க: புதுமைப்பித்தன்'னு ஒரு கார்டு இருக்கும். புனைபெயருக்கு, மாறின எழுத்துக்கூட்டுக்கு, இனிஷியல் குழப்பத்துக்கு, இப்படி. நாங்க காண்க கார்டுன்னு சொல்வோம். அதுக்கு அக்செஷன் எண் கிடையாது. எண் இல்லேன்னா காசு இல்லை. காசு இல்லாததை யார் அடிப்பா? ஒண்ணுகூட ஏறலை. எங்க யாருக்கும் அப்போ உறைக்கவும் இல்லை, கணக்குதான் சரியா இருந்ததே!

அப்புறம் கார்டை எல்லாம் பின்பக்கம் காலியா இருக்கேன்னு கவுண்டர்ல துண்டுச்சீட்டாப் போட்டோம். நல்ல கெட்டி அட்டை, மூணுக்கு அஞ்சு அங்குலம், கைக்கு அடக்கம். ஒருநாள் ஒரு வயசானவர் வந்து அசல் பெயரைச் சொல்லி ஒருத்தரோட சிறுகதைத் தொகுப்பைக் கேட்டிருக்கார். புதுசா வந்த பையன் தட்டிப் பார்த்துட்டு 'இல்லை'ன்னு அனுப்பிட்டான். புத்தகம் புனைபெயர்ல அவன் முதுகுக்குப் பின்னாடி ஷெல்ஃப்ல இருக்கு. சாயங்காலம் சீட்டு டப்பாவுல கையை விட்டா அதே ஆசிரியரோட காண்க கார்டு வருது. பின்பக்கம் யாரோ கேஸ் புக்கிங் நம்பர் எழுதி வச்சிருக்காங்க. ரொம்ப நேரம் அதைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். டப்பாவுல மிச்சம் இருந்தது நாப்பதோ என்னமோ. மீதி எல்லாம் வாசகர்கள் பாக்கெட்ல வீட்டுக்குப் போயாச்சு.

மத்த கார்டு தொலைஞ்சா ஷெல்ஃபுக்குப் போய்ப் புத்தகத்தைப் பார்த்துத் திரும்ப எழுதிடலாம். காண்க கார்டுக்குப் போய்ப் பார்க்க எந்தப் புத்தகமும் கிடையாது. அதனால பொருளாளர்கிட்ட ஒரு மாசம் தவணை கேளுங்க. டிராயர் முகப்புல, அடியில ஒரு பித்தளைத் திருகு இருக்கும். அதைக் கழட்டினா கம்பி வந்துடும். வரிசை கலையாம ஒவ்வொண்ணாத் தள்ளி, இடது மூலையில எண் இல்லாத கார்டை மட்டும் உருவுங்க. கோஹாவுல ஆசிரியருக்கு அத்தாரிட்டி ரெக்கார்டு (பெயருக்குன்னே தனிப் பதிவு) போட்டு, 400-ங்கிற ஃபீல்டுல இந்தப் பெயரை எல்லாம் ஏத்தணும். அலுப்பான வேலை, நடுவுல முறுக்கு வச்சுக்கோங்க.

அல்சூர்வாசி:

மேடம், 1906 கார்டில் புதுமைப்பித்தனேதான். காபி உங்களுக்கு முழுசா உண்டு.

மூன்று ஞாயிறு ஆச்சு. 212 காண்க கார்டு. டேட்டாவில் தேடிப் பார்த்தேன், நீங்க சொன்ன மாதிரியே ஒன்றுகூட இல்லை.

இன்றைக்குக் கடைசி டிராயரைப் பிரித்தபோது ஒரு கார்டு தனியாக விழுந்தது. மற்றதில் எல்லாம் கம்பிக்கு ஓட்டை இருக்கு, இதில் இல்லை. டிராயரின் பின்பலகைக்கும் கட்டைக்கும் நடுவில் செருகி வைத்திருக்கிறார்கள். மேலே ஓர் ஆண் பெயர், புனைபெயர். அந்தப் பெயரில் எங்களிடம் மூன்று நாவல் இருக்கு. எதிரே ஒரு பெண் பெயர், ஆஸ்டின் டவுன் முகவரி, எங்கள் உறுப்பினர் எண். கீழே பென்சிலில்: 'பிறந்தது 1928. எண் போடுவதற்காக மட்டும் கேட்டு வாங்கியது. வீட்டில் தெரியாது.'

நாவல்களின் முதுகில் என்28 சரியாகப் போட்டிருக்கு. இதை 400-இல் ஏற்றலாமா?

மல்லேஸ்வரம் நூலகி:

ஓட்டை போடலைங்கிறீங்களே. அப்போ அது கேட்டலாக்ல சேர்ந்த கார்டே இல்லை தம்பி. ஏத்தாதீங்க. பெயரை இங்கேயும் எழுதிடாதீங்க. கமிட்டியில பழைய ஆள் யாராவது இருந்தா, அந்தம்மா இருக்காங்களான்னு தனியாக் கூப்பிட்டுக் கேளுங்க.

அல்சூர்வாசி:

சரி மேடம். இருந்த இடத்திலேயே திரும்பச் செருகிவிட்டேன். ப்யூரிஃபயர் ஜன்னல் பக்கம் போகுது, பிளம்பர் பைப்புக்கு 600 ரூபாய் கூடக் கேட்கிறார், பொருளாளர் என்னோடு பேசுவதில்லை.