ஜிபிஎஸ் முடக்கம்: எக்ஸ்காலிபர் குண்டு உக்ரைனில் ஏன் குறி தவறியது?

கடலோடி (கேள்வி):
ஜிபிஎஸ் வழிகாட்டுதலில் பறக்கும் 155 மி.மீ. எக்ஸ்காலிபர் பீரங்கிக் குண்டு உக்ரைனில் முதலில் 70 சதவீதம் இலக்கைத் தாக்கியது, ஆறே வாரத்தில் அது 6 சதவீதமாக விழுந்தது என்று 2024 மார்ச்சில் ஹட்சன் ஆய்வு நிறுவனத்தின் டேனியல் பாட் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சாட்சியம் சொன்னார். ராணுவத்துக்கென்று மறையாக்கம் செய்த தனி சிக்னல் இருந்தும் இது எப்படி? இந்தியாவின் நாவிக் போலச் சொந்தச் செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பு இருந்தால் தப்பலாமா?

இணையலை:
மறையாக்கம் காப்பது பொய் சிக்னலிடமிருந்து, அதாவது ஸ்பூஃபிங்கிலிருந்து. வெறும் இரைச்சலிடமிருந்து அது காப்பாற்றாது. சந்தைக்கடைச் சத்தத்தில் ரகசிய மொழியில் பேசினாலும் காதில் விழுந்தால்தானே?

கணக்கைப் பாருங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் 20,200 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. 1575.42 மெகாஹெர்ட்ஸில் தரைக்கு வரும் பலம் ஏறத்தாழ மைனஸ் 128 டிபிஎம், அதாவது ஒரு வாட்டில் பல ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு. 10 கி.மீ. தள்ளி நேர்பார்வையில் ஒரே ஒரு வாட் ஜாமர் (இரைச்சல் எழுப்பி சிக்னலை முடக்கும் கருவி) இருந்தால், ரிசீவருக்கு அதன் இரைச்சல் சிக்னலைவிடச் சுமார் 15,000 மடங்கு பலமாகக் கேட்கும். ராணுவக் குறியீட்டின் சிப் வேகம் (குறியீட்டின் துடிப்புகள் நொடிக்கு எத்தனை என்பது) பொதுப் பயன்பாட்டுக் குறியீட்டைப் போல 10 மடங்கு. அதனால் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு இரைச்சலைக் கூடுதலாகத் தாங்கும். எதிரி 1 வாட்டுக்குப் பதில் 10 வாட் போட்டால் அந்த லாபமும் போச்சு.

நாவிக்கும் இதே கதைதான். அதன் செயற்கைக்கோள்கள் சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கின்றன, தரையில் கிடைக்கும் சிக்னல் அதே அளவுக்கு மெலிந்தது. அடுத்தவன் சேவையை நிறுத்திவிடுவானோ என்ற பயத்துக்கு நாவிக் சரியான மருந்து. ஜாமருக்கு அது மருந்தல்ல.

பொறிவாள்:
இதில் குண்டுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. தரையில் நிற்கும் வண்டிக்கு மரம், மேடு, கட்டடம் எல்லாம் மறைப்பு. குண்டு 10 கி.மீ. உயரம் ஏறினால் ரேடியோ அடிவானம் 400 கி.மீ.க்கு மேல் விரியும். அதுவரை மறைந்திருந்த ஜாமர்கள் பலவும் நேர்பார்வைக்கு வந்துவிடும்.

சிக்னல் போனதும் குண்டு தன் வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானியை நம்பிப் பறக்க வேண்டும். அதில் புவியீர்ப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு நிலையான பிழை இருந்தால் 60 நொடியில் 17.6 மீட்டர் விலகும். 120 நொடியில் 35 அல்ல, 70 மீட்டர், ஏனென்றால் பிழை காலத்தின் வர்க்கமாக வளர்கிறது. ஆகவே சிக்னல் எப்போது போகிறது என்பதே முக்கியம். கடைசி 10 நொடியில் போனால் இந்தக் கணக்குப்படி அரை மீட்டர்தான். ஜேடாம் என்ற ஜிபிஎஸ் வழிகாட்டும் விமானக் குண்டுக்கு அமெரிக்க விமானப்படை தரும் கணக்கும் இதையே காட்டுகிறது: ஜிபிஎஸ்ஸுடன் 5 மீட்டர் பிழை, இல்லாமல் 30 மீட்டர். பெரிய குண்டு 30 மீட்டரையும் பொறுத்துக்கொள்ளும், 155 மி.மீ. குண்டு பொறுக்காது.

கடலோடி:
அப்படியானால் ரஷ்ய ட்ரோன்கள் மட்டும் உக்ரைனின் ஜாமர்களை எப்படித் தாண்டி வருகின்றன?

இணையலை:
கோமெட்டா என்ற பல உறுப்பு ஆன்டெனாவால். நான்கு உறுப்பு இருந்தால் மூன்று திசைகளில் காதைப் பொத்திக்கொள்ளலாம், எட்டு இருந்தால் ஏழு. நான்காவது திசையிலிருந்து இன்னொரு ஜாமர் வந்தால் நான்கு உறுப்பு ஆன்டெனா திணறும். அதனால்தான் ஜாமர்களைத் தனித்தனியாகப் பரப்பி வைக்கிறார்கள். ஒரே இடத்தில் பத்து ஜாமர் குவிப்பது வீண் செலவு. உறுப்புகளுக்கு இடையே அரை அலைநீளம், அதாவது 9.5 செ.மீ. இடைவெளி விடுவது வழக்கம். ட்ரோனின் முதுகில் அதற்கு இடமுண்டு. 155 மி.மீ. குண்டின் மூக்கில் எங்கே வைப்பது?

பொறிவாள்:
ரிசீவர் பதிவைப் படிப்பவர்களுக்கு ஒன்று. எல்லாச் செயற்கைக்கோள்களின் சிக்னல்-இரைச்சல் அளவும் ஒருசேரச் சரிந்தால் அது ஜாமிங். உச்சியில் இருப்பதும் அடிவானத்தில் இருப்பதும் ஒரே பலத்தில், வழக்கத்தைவிடத் தெளிவாகத் தெரிந்தால் ஸ்பூஃபிங் என்று சந்தேகியுங்கள். இரண்டில் ஸ்பூஃபிங்தான் ஆபத்து. சிக்னல் இல்லை என்று தெரிந்தால் கருவி மாற்று வழிக்குப் போகும், பொய்யை நம்பினால் போகாது.

2022 பிப்ரவரி 24 அன்று கேஏ-சாட் என்ற செயற்கைக்கோள் இணையச் சேவை விழுந்ததையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள், அது தவறு. அங்கே யாரும் அலையைத் தொடவில்லை. தரையிலுள்ள மேலாண்மை வலையமைப்புக்குள் நுழைந்து மோடம்களின் ஃபிளாஷ் நினைவகத்தை அழித்தார்கள். ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளின் தொலைக் கண்காணிப்பு அதனால்தான் நின்றது.